ரிப்போர்ட் யார் கைக்குப் போகிறது?

(கோட்டக்குப்பத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழிகாட்டலுக்கும் உளவளத் துணைக்கும் மாணவர்களை எப்படி மதிப்பிட வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பி.எட். முடித்தவர்களுக்கு இது பழைய பாடம். ஏற்புடைமை, நம்பகத்தன்மை, புறவயத்தன்மை என்று மனப்பாடம் செய்து எழுதி, பத்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். அந்தப் பாடத்தை மறுபடி நடத்த நான் வரவில்லை. ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பேசப் போகிறேன். ஒரு பிள்ளையை மதிப்பிட்டு முடித்த பிறகு, அந்த முடிவு யார் கைக்குப் போகிறது? அதனால் வேலை சுலபமாவது யாருக்கு?

நம் ஊர்ப் பிள்ளைகளின் வாழ்க்கையை அதிகமாகத் திருப்பிவிடுகிற மதிப்பீடு எது என்று கேட்டால் பலரும் பிளஸ் டூ பொதுத்தேர்வு என்பார்கள். நான் பிளஸ் ஒன் சேர்க்கை நாள் என்பேன். பள்ளி வராண்டாவில் ஒரு மேசை, நாலு நாற்காலி. அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் தாளை ஆசிரியர் ஒரு பார்வை பார்க்கிறார். இத்தனைக்கு மேல் என்றால் பயோ-மேத்ஸ், அதற்குக் கீழே கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் கீழே காமர்ஸ், கடைசியில் வொக்கேஷனல். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். “தம்பி, நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்கிற ஆசிரியர் இருந்தால் அந்தப் பள்ளி கொடுத்துவைத்த பள்ளி. மற்ற இடங்களில் அந்தக் கேள்விக்கு நேரம் கிடையாது. குரூப் கொடுப்பவர் மனதில் இரண்டு வருடம் கழித்து வரப்போகிற ரிசல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கில் தட்டுத் தடுமாறுகிற பையனை பயோ-மேத்ஸில் போட்டால் தேர்ச்சி விழுக்காடு இறங்கும். அவர் மேல் குற்றமில்லை, அவரையும் அந்த விழுக்காட்டை வைத்துத்தானே மதிப்பிடுகிறார்கள். ஆனால் அங்கே நடந்த மதிப்பீடு பள்ளிக்காக நடந்தது. பிள்ளைக்கு அதில் கிடைத்தது ஒரு பெஞ்சு.

மதிப்பெண் தாள் பொய் சொல்வதில்லை. ஆனால் அது ஒரு மார்ச் மாதத்தில் சில நாட்கள் எழுதிய எழுத்தின் கணக்கு மட்டும்தான். 2024லும் 2025லும் அந்த மார்ச்சில் ரமலான் நோன்பும் வந்தது. விடியுமுன் சஹருக்கு எழுந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்த் தேர்வு எழுதிய பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். நோன்பு வைத்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் உண்டு, தளர்ந்து போனவர்களும் உண்டு. பிள்ளையை எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த நிலையில் சோதித்தோம் என்பது முடிவோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டிய விஷயம். பொதுத்தேர்வுத் தேதி நம் கையில் இல்லை. ஆனால் பள்ளிக்குள் நாமே நடத்துகிற, ஆப்டிட்யூட் டெஸ்ட் என்கிற நாட்டச் சோதனையை நோன்பு நாளின் மதியம் மூன்று மணிக்கு வைக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மீனவர் வீடுகளையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பத்தாம் வகுப்பு ரிசல்ட், பிளஸ் ஒன் சேர்க்கை, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் வந்து விழுகின்றன. விசைப்படகை நம்பியிருக்கிற வீட்டில் கையில் காசு இல்லாத நேரம் அது. அப்போது ஒரு தகப்பனைக் கூப்பிட்டு, “பையனை என்ன படிக்கவைக்கப் போறீங்க?” என்று கேட்டால், “ஏதாவது வேலைக்குப் போகட்டும் சார்” என்றுதான் பதில் வரும். அதை எழுதிக்கொண்டு, ‘பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை’ என்று முடித்துவிடுகிறோம். அதே மனிதரிடம் ஆகஸ்டில் கேட்டுப் பார்த்தீர்களானால் வேறு பதில் வரலாம்.

ஒரு தாளை வைத்துப் பிள்ளையை எடை போடாதே என்பது புது யோசனை ஒன்றும் இல்லை. 1952இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழு இதைத்தான் சொன்னது. அதன் தலைவர் நம்மவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருபத்தேழு ஆண்டுகள் இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1953இல் கொடுத்த அறிக்கையில், இறுதித் தேர்வோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுதோறும் ஒரு தொடர் பதிவேடு வேண்டும், எண்ணுக்குப் பதில் குறியீட்டுத் தரம் வேண்டும், பள்ளிகளில் வழிகாட்டலுக்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்று எழுதினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தொடர் பதிவேடு பல பள்ளிகளில் இருக்கிறது. ஆண்டாய்வுக்கு முந்தின நாள் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் நிரப்பப்பட்டு இருக்கிறது. ‘நன்று’, ‘நன்று’, ‘நன்று’. ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள், அதனால் தொடர்கிறேன்.

அளவிடும் கருவி ஒன்றேதான், கை மாறினால் அதன் வேலையே மாறிவிடும். இதற்குப் பெரிய சாட்சி பாரிஸில் பிறந்த ஒரு சோதனை. பிரான்சில் உறவுக்காரர்கள் உள்ள வீடுகள் இங்கே நிறைய, அதனால் பாரிஸ் உங்களுக்குத் தூரமில்லை. 1904இல் பிரெஞ்சு அரசு, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளை எப்படிக் கண்டறிந்து உதவுவது என்று ஆராய ஒரு குழு போட்டது. அதில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனோடு சேர்ந்து 1905இல் முதல் நுண்ணறிவு அளவுகோலைச் செய்தார். உதவி தேவைப்படும் பிள்ளை யார் என்று பார்ப்பதற்கான கருவி அது. அறிவு மாறாத ஓர் அளவு என்ற எண்ணத்தை பினே கடைசிவரை எதிர்த்தார். 1911இல் அவர் இறந்துபோனார். அமெரிக்காவில் உளவியலாளர் ஹென்றி காடார்ட் அதே அளவுகோலை எடுத்துப்போய், எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளைச் சோதித்து, ஏராளமானோரை மந்தபுத்தி என்று வகைப்படுத்தினார். பயணக் களைப்போடு, தெரியாத மொழியில் கேள்வி கேட்கப்பட்டவர்கள் அவர்கள். பாரிஸில் பின்தங்கிய பிள்ளைக்கு உதவி கிடைப்பதற்காகச் செய்த கருவி, அங்கே கதவைச் சாத்தப் பயன்பட்டது. 1979இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றம், கறுப்பினக் குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புக்கு அனுப்ப ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. லாரி பி. வழக்கு என்று அதற்குப் பெயர்.

நம் நாட்டிலும் இந்தச் சிக்கலை யோசித்தவர்கள் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையை எப்படிச் சோதிப்பது என்று உத்தரப்பிரதேசத்தில் சி.எம். பாட்டியா 1955இல் ஐந்து செயல் சோதனைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். கட்டை அடுக்குதல், படத் துண்டுகளைச் சேர்த்தல் போன்றவை. நல்ல முயற்சி. ஆனால் அதன் ஒப்பீட்டு அளவு, பதினொன்று முதல் பதினாறு வயது வரையான அந்தப் பகுதிப் பையன்களை வைத்துப் போடப்பட்டது. அந்த அளவை இன்று நடுக்குப்பத்துப் பெண்பிள்ளையின் பக்கத்தில் வைத்து ‘சராசரிக்குக் கீழ்’ என்று எழுதுகிறவர், எழுபது வருடத்துக்கு முந்தின வடநாட்டுப் பையனோடு அவளை ஒப்பிட்டோம் என்பதையும் எழுத வேண்டும். எந்தச் சோதனையைக் கொண்டுவந்தாலும் முதலில் கேளுங்கள்: இதை யாரை வைத்துச் செய்தார்கள், எந்த ஆண்டில், எந்த மொழியில்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் பிள்ளையை உட்காரவைக்க வேண்டாம்.

நல்ல சோதனையிலும் எண் ஆடும். ஐ.க்யூ. 88 என்று வந்தால் அது 88 இல்லை. நம்பகத்தன்மை 0.9 உள்ள சோதனையில்கூட, உண்மையான அளவு ஏறக்குறைய 79க்கும் 97க்கும் நடுவில் எங்கோ இருக்கும். ‘சராசரிக்குக் கீழ்’ என்கிற ஓரத்திலிருந்து அப்பட்டமான சராசரி வரைக்கும் போகிற அகலம் அது. ரிப்போர்ட்டில் இந்த இரண்டு எண்ணையும் எழுதாமல் ஒற்றை எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் போடுகிறவரை நான் நம்புவதில்லை.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம், இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். கடைக்குப் போகிறவர்களுக்கு எல்லை தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும். 2023-24இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் சிபிஎஸ்இ-க்கு மாறத் தொடங்கின. இங்கே நம் சமச்சீர்க் கல்வி. ஆக, பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வேறு அளவுகோலில் மதிப்பிடப்படுகிறார்கள். சிபிஎஸ்இ-யும் என்சிஇஆர்டி-யும் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கென்று ஒரு நாட்டச் சோதனை வைத்திருக்கின்றன. அதற்குப் பெயர் தமன்னா. பையன்கள் ஆசையாக வருவார்கள், ஆனால் நடிகை வரமாட்டார். மொழி, எண், இடவெளி, இயந்திரம் என்று ஏழு துறைகளில் நாட்டத்தைப் பார்க்கிற அந்தச் சோதனைக்குத் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை, எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த மூன்று குணமும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் நாட்டத்தை மட்டும் அளந்துவிட்டு, “நீ டாக்டருக்குப் படிக்கலாம்” என்று அனுப்பிவைத்தால் அது பாதி வேலை. எட்டாவது முடித்த பெண்ணைப் பக்கத்திலேயே இருக்கிறது என்று புதுச்சேரி அரசுப் பள்ளியில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு, 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அவளுக்கு அது போய்விடும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்திலும் இதே மாதிரிப் படிப்புக் கணக்கு பார்க்கிறார்கள். சரி, புதுச்சேரி ஒதுக்கீட்டில் கேட்கலாம் என்றால், குடும்ப அட்டையும் வீடும் கோட்டக்குப்பத்தில். அங்கே குடியிருப்புச் சான்று கேட்பார்கள். நாட்டமும் இருந்து, மதிப்பெண்ணும் இருந்து, ஒரு தெரு தாண்டிப் படித்ததால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகிறாள். இந்த ஊரில் வழிகாட்டி என்று உட்காருகிறவர் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம், பிள்ளை எந்த வகுப்பை எல்லைக்கு எந்தப் பக்கம் படித்தது என்பது. குடும்ப அட்டையையும் மாற்றுச் சான்றிதழையும் பார்க்காமல் கொடுக்கிற ஆலோசனை ஜோசியம்தான்.

ஜோசியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. விரல் ரேகையை ஸ்கேன் செய்து, குழந்தை என்ஜினியரா, பாடகரா என்று நாற்பது பக்க ரிப்போர்ட் கொடுக்கிற வியாபாரம் நம் ஊர்ப் பக்கமும் உண்டு. டி.எம்.ஐ.டி. என்பார்கள். விரல் ரேகைக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. பிறகு ஏன் பெற்றோர், “அப்படியே என் பையன் மாதிரியே சொல்லியிருக்கான்” என்கிறார்கள்? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லித் தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்தான், ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சேர்த்த வரிகள். ‘உங்களிடம் இன்னும் வெளிவராத திறமை இருக்கிறது’ என்ற வகை வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்துகிற வரிகளை ரிப்போர்ட்டில் பேனாவால் அடித்துக்கொண்டே போங்கள். கடைசியில் மிஞ்சியது என்ன என்று பாருங்கள். பல நேரம் கம்பெனியின் முகவரி மிஞ்சும்.

இனி மனதைத் தொடுகிற பக்கம். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. அவர் வருகிற வரைக்கும் அந்த வேலை வகுப்பாசிரியர் தலையில்தான். அவருக்குச் சோதனைத் தாள் தேவையில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதத் தெரிந்தால் போதும்.

‘சோம்பேறி’ என்று எழுதினால் அது தீர்ப்பு. அதற்குப் பிறகு யாரும் எதையும் விசாரிக்கப் போவதில்லை. ‘இந்த மாதம் ஐந்து நாள் முதல் பீரியடில் தூங்கினான், மதியத்துக்கு மேல் நன்றாக இருந்தான்’ என்று தேதியோடு எழுதினால், அது அடுத்த கேள்வியைக் கொண்டுவரும். விடியற்காலையில் அப்பாவோடு வலை இழுக்கப் போயிருக்கலாம். வீட்டில் இரவெல்லாம் சண்டையாக இருக்கலாம். செல்போனாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வேறு வழி. ‘அடங்காதவள்’, ‘திமிர் பிடித்தவன்’ என்ற சொற்களை ஒரு பருவத்துக்கு ஸ்டாஃப் ரூமில் தடை செய்து பாருங்கள். மதிய வேளையில் பேச்சுக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். அடிக்கடி மதிப்பிட்டு அடுத்த நிலைக்கு நகர்த்துவதற்காகப் பிரித்தது அது. ஏற்பாடு நல்லது. ஜூனில் அரும்பு என்று உட்காரவைத்த பிள்ளை பிப்ரவரியிலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால், கேள்வி ஆசிரியரை நோக்கித் திரும்ப வேண்டும்.

படிப்பது மட்டும் வராமல், பேச்சிலும் சமயோசிதத்திலும் கெட்டிக்காரனாக இருக்கிற பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரிக்கிறது. முறையாக மதிப்பிட்டுச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடத்தில் விலக்கு என்று சலுகைகள் உண்டு. அம்மாமார்கள் இதைச் சொன்னால் பயப்படுகிறார்கள், “நாளைக்குப் பொண்ணு கொடுப்பாங்களா சார்?” என்று. நான் சொல்வேன், மதிப்பீட்டில் கண்ணுக்குத் தெரிகிற பலன் கிடைக்கிற இடம் இது ஒன்றுதான், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சான்று இருப்பது பள்ளிக்கும் தேர்வுத்துறைக்கும் தெரிந்தால் போதும், தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இரகசியம் என்கிற இடத்தில் நம் பள்ளிகள் மோசம். ஒரு பெண் அழுதுகொண்டே டீச்சரிடம் ஒன்றைச் சொன்னால், மதிய மணி அடிப்பதற்குள் அது அட்டெண்டர் வரைக்கும் போய்விடுகிறது. மறுநாள் அவள் பேசமாட்டாள், மற்ற பெண்களும் அதைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்வார்கள். ஆனால் எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்குச் சத்தியம் செய்யவும் கூடாது. பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் புகார் செய்வது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வரம்பைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். “உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் இன்னொருவரிடம் சொல்வேன், அதையும் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.” இதைக் கேட்ட பிறகும் பேசுகிற பிள்ளை முழு நம்பிக்கையோடு பேசும். சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகக் கேட்கப் பயப்படுகிறோம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்கிற பயம். அப்படி நடப்பதில்லை. மென்மையாக, நேராகக் கேட்கலாம். ரிசல்ட் வாரத்தில் கேட்டே ஆக வேண்டும். 14417, 14416, 1098 என்ற மூன்று உதவி எண்களையும் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதிவையுங்கள். தலைமையாசிரியர் அறைக்குள் வேண்டாம்.

வெளியிடக் கூடாததை வெளியிடாமல் இருப்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான். 2017இல் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு ரிசல்ட்டோடு மாநில முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். அப்போது பலர் முணுமுணுத்தார்கள், இன்று யாருக்கும் அது நினைவில்கூட இல்லை. பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறையான நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய விவரம் எதுவும் இருக்கக் கூடாது என்றது. பதிவேட்டில் எதை எழுதுகிறோமோ அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு வருகிற ஆசிரியர் பிள்ளையைப் பார்ப்பார்.

ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட்டை நம் கையில் தருகிறார்கள், நமக்கு அது பாதி புரியாவிட்டாலும். பள்ளியில் பிள்ளை இணையத்தில் ஒரு மணி நேரம் நாட்டச் சோதனை எழுதுகிறது. ‘சமர்ப்பி’ என்று பட்டனை அழுத்துகிறது. அதோடு சரி, விவரம் மேலே போய்விடுகிறது. எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் கூட்டத்தில் பேசப்படுகிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் நான் மதிக்கிற பகுதி, பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராதவர்களைப் பெயர் பெயராகத் தேடி ‘உயர்வுக்குப் படி’ முகாமுக்குக் கூப்பிடுவது. அங்கே மதிப்பீட்டின் முடிவு பிள்ளையிடம் திரும்பி வருகிறது.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஜூனில் பிளஸ் ஒன் மேசைக்குப் போகும்போது மதிப்பெண் தாளோடு ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துப் போங்கள். பிள்ளைக்குப் பிடித்த இரண்டு குரூப், பிடிக்காத ஒன்று, அதற்குக் காரணம், எல்லாம் பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்கட்டும். ஆசிரியரிடம் கொடுத்து, சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்துக் குத்திவைக்கச் சொல்லுங்கள். கேட்ட குரூப் கிடைக்காவிட்டால் ஏன் என்று அதிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு வரிதான்.

பின்வரிசையில் ஒரு தங்கச்சி ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறது. மைக்கை அங்கே கொடுங்கள்.